சீனியர் ப்ராஜெக்ட்: தலைப்பு தேடும் நாள் முதல் நடுவர் அறை வரை

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மார்ச் மாதம் முழுவதும் எங்கள் நியூ ஜெர்சி வீட்டின் ஜன்னலோரத்தில் அறுபது காகிதக் கோப்பைகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மில்க்வீட் விதை, மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு தின்னும் செடி. மொனார்க் பட்டாம்பூச்சிக்காகப் பள்ளி வளாகத்தில் ஒரு பாத்தி அமைப்பதுதான் அவளுடைய சீனியர் ப்ராஜெக்ட். அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில், கடைசி ஆண்டில் மாணவர் தாமே ஒரு தலைப்பை எடுத்து, செய்து பார்த்து, கட்டுரை எழுதி, நடுவர் முன் விளக்கும் வேலைக்குத்தான் இந்தப் பெயர். ஏப்ரல் நடுவில் எண்ணிப் பார்த்தபோது முளைத்திருந்தவை ஐந்து. மற்ற ஐம்பத்தைந்து கோப்பைகளிலும் வெறும் மண்ணுக்குத்தான் ஒன்றரை மாதம் பக்தியோடு தண்ணீர் ஊற்றியிருக்கிறோம்.

அந்த விதைகளுக்கு ஒரு குளிர்காலம் வேண்டும். ஈரத்தோடு முப்பது முதல் அறுபது நாள் வரை குளிரில் கிடந்தால்தான் அவற்றில் பெரும்பாலானவை விழிக்கும். ஜனவரியிலேயே குளிர்பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய விதையை மார்ச்சில் நேராக மண்ணில் போட்டுவிட்டோம். அதன் பிறகு சில ஆண்டுகள் இப்படிப்பட்ட ப்ராஜெக்டுகளுக்கு நடுவர்களில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறேன். சோம்பலால் கெட்டவற்றைவிட, காத்திருக்க வேண்டிய ஒன்றைத் தாமதமாகத் தொடங்கியதால் கெட்டவைதான் நான் பார்த்ததில் அதிகம். சில நேரம் காத்திருப்பது விதைக்காக, சில நேரம் ஒரு கையெழுத்துக்காக. இந்த வழிகாட்டியைப் பிள்ளை பதினோராம் வகுப்பை முடிக்கும் கோடையிலேயே படித்துவிடுங்கள்.

1. பள்ளியின் கையேட்டை வாங்குங்கள்

அண்டை வீட்டுப் பிள்ளை செய்ததைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டாம். இது நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு அல்ல. ஓரிகன் மாநிலத்தின் மெட்ஃபோர்ட் நகரில் ஒரு பள்ளி 1986-இல் தொடங்கிய முறை, கட்டுரை, செய்துகாட்டும் பொருள், பதிவுகளைச் சேர்த்து வைக்கும் கோப்பு, மேடை விளக்கம் என்ற நான்கு உறுப்புகளோடு பிற ஊர்களுக்கும் பரவியது. வாஷிங்டன் மாநிலம் இதைப் பள்ளிப் பட்டம் பெறுவதற்கான கட்டாயமாகவே வைத்திருந்து, 2014-இல் சட்டம் இயற்றி நீக்கியது. இன்று ஒரு பள்ளியில் இது இல்லாமல் பட்டம் கிடைக்காது. பக்கத்து மாவட்டத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெயரும் மாறும்: சீனியர் ப்ராஜெக்ட், கேப்ஸ்டோன், கிராஜுவேஷன் ப்ராஜெக்ட்.

கையேட்டில் முதலில் தேட வேண்டியது மதிப்பெண் அட்டவணை. எந்த உறுப்புக்கு எவ்வளவு மதிப்பெண் என்று பார்த்தால், எங்கே உழைப்பைக் கொட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். பாத்தி கட்டுவதில் நூறு மணி நேரம் செலவிட்டுவிட்டு, அதே அளவு மதிப்பெண் உள்ள கட்டுரையை இரண்டு இரவில் எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனை மணி நேரக் களப்பணி, யார் வழிகாட்டியாக இருக்கலாம், கெடு தவறினால் என்ன ஆகும் என்பவற்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

வேறு எதனோடாவது இதை இணைக்கலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் உடனே வரும். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி பாடங்களில் ஒன்றான ஏபி ரிசர்ச் எடுக்கும் பிள்ளை எப்படியும் 4,000 முதல் 5,000 சொல் வரை ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, 15 முதல் 20 நிமிடத்துக்குள் விளக்கமும் தந்து, கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். சாரணியர் அமைப்பான கேர்ள் ஸ்கவுட்டின் மிக உயர்ந்த விருதான கோல்டு அவார்டுக்குக் குறைந்தது 80 மணி நேரம் எதிர்பார்க்கிறார்கள். சாரணர் அமைப்பின் மிக உயர்ந்த நிலையான ஈகிள் ஸ்கவுட்டுக்கான சேவைப் பணிக்கு மணிக்கணக்கு இல்லை என்றாலும், 18 வயது நிறைவதற்குள் முடித்தாக வேண்டும். ஒரே உழைப்பை இரண்டு இடத்தில் காட்டலாமா என்பதைப் பள்ளியிடமும் மற்ற அமைப்பிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சரி என்ற ஆசிரியர் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விடலாம்.

2. தலைப்பை நறுக்குங்கள்

பிள்ளைகள் முதலில் கொண்டுவரும் தலைப்பு எப்போதும் மலை அளவு இருக்கும். 'பருவநிலை மாற்றம்', 'மனநலம்', 'செயற்கை நுண்ணறிவு'. ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதத்தில், பள்ளி முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில், ஒரு பதினேழு வயதுப் பிள்ளை மலையைச் சுமக்க முடியாது.

மகளின் தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன். அவள் தொடங்கியது 'அழிந்துவரும் பட்டாம்பூச்சிகள்' என்று. எந்தப் பட்டாம்பூச்சி? மொனார்க். கிழக்கு அமெரிக்காவில் பிறக்கும் மொனார்க் இலையுதிர் காலத்தில் மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் பறந்து போகிறது. எங்கள் மாநிலத்தின் கேப் மே முனையில் அவை கூட்டமாகத் தங்கிப் போவதைக் காணவே ஆட்கள் வருவார்கள். அதன் புழு எதைத் தின்னும்? மில்க்வீட் இலையை மட்டும். அப்படியானால் எங்கே, எவ்வளவு மில்க்வீட்? பள்ளியின் பின்புறம், நான்கடிக்கு எட்டடிப் பாத்தி ஒன்று. ஆக, 'அழிந்துவரும் பட்டாம்பூச்சிகள்' என்பது 32 சதுர அடியாகச் சுருங்கியது. இதற்கு மேல் கேள்வி ஒன்றும் வேண்டும். அங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். பாத்தி இருந்தது, கேள்வி இல்லை.

இன்று அவள் மறுபடி தொடங்கினால், ஐம்பது விதையைக் குளிரில் வைத்தும் ஐம்பது விதையை வைக்காமலும் விதைத்து, முளைப்பில் எவ்வளவு வேறுபாடு என்று கேட்கச் சொல்வேன். இப்படிப்பட்ட கேள்வியில் ஒரு வசதி உண்டு. ஒரு விதைகூட முளைக்காவிட்டாலும் சொல்ல ஒரு முடிவு கையில் இருக்கும். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: 'நினைத்தது நடக்காவிட்டால் மே மாதம் நீ எதைப் பற்றிப் பேசுவாய்?' பதில் இல்லாவிட்டால் கேள்வியை மாற்ற வேண்டும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். மில்க்வீட் நம் எருக்கின் உறவு. கிள்ளினால் அதே வெள்ளைப் பால். ஊரில் எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் மொனார்க்கும் ஒரே பேரினம். இதை என் அம்மா தொலைபேசியில் 'எருக்கஞ்செடிக்கா இவ்வளவு பாடு?' என்று கேட்டபோதுதான் மகள் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். அவளுடைய விளக்க உரையில் நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த இடமும் அதுதான். அதற்காகத் தமிழ்ப் பிள்ளை என்றால் பரதநாட்டியமும் கோலமும்தான் தலைப்பு என்று திணிக்காதீர்கள். வீட்டிலிருந்து தலைப்புக்குள் இயல்பாக ஒரு கதவு திறந்தால் திறக்கட்டும்.

3. வழிகாட்டியைக் கோடையிலேயே தேடுங்கள்

பெரும்பாலான பள்ளிகள் அந்தத் துறை தெரிந்த, பள்ளிக்கு வெளியே உள்ள ஒரு பெரியவரை வழிகாட்டியாகக் கேட்கும். பெற்றோரையும் உறவினரையும் பொதுவாக ஏற்பதில்லை. நம் வீட்டுக்கு வரும் எல்லா நண்பர்களும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்பதால் இங்கே வேடிக்கையான குழப்பம் வரும். படிவத்தில் 'மாணவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் ஒரு பையன் அப்பாவித்தனமாக 'மாமா' என்று எழுதிவிட, அவர் அப்பாவின் அலுவலக நண்பர்தான் என்று விளக்குவதற்கு ஒரு வாரம் ஆனது.

நல்ல வழிகாட்டி பெரிய பதவியில் இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் போடுபவராக இருந்தால் போதும். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு எழுதி இரண்டு மாதம் காத்திருப்பதைவிட, உள்ளூர்ச் செடிகளை விற்கும் நாற்றங்காலில் வேலை செய்யும் ஒருவரை நேரில் போய்ப் பார்ப்பது மேல். மாவட்டந்தோறும் இருக்கும் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க அலுவலகம், பொது நூலகம், தன்னார்வத் தீயணைப்பு நிலையம் ஆகியவற்றில் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குபவர்கள் இருப்பார்கள்.

மடலைப் பிள்ளைதான் எழுத வேண்டும். உங்கள் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பக் கூடாது. நான் யார், என்ன செய்யப் போகிறேன், உங்களிடமிருந்து எத்தனை மணி நேரம் தேவை, எந்தத் தேதிக்குள் பதில் தெரிந்தால் நல்லது என்ற நான்கும் இருந்தால் போதும். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். 'மாதம் ஒரு முறை அரை மணி நேரம்' என்று சொன்னால் சம்மதிப்பவர், 'எனக்கு வழிகாட்ட முடியுமா' என்று மட்டும் கேட்டால் பயந்துவிடுவார்.

4. நாட்காட்டியை மே மாதத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

முதலில், உங்கள் கையில் இல்லாத தேதிகளை எழுதுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 அல்லது 15 கெடு. வழக்கமான சுற்றுக்கு ஜனவரி 1-ஐ ஒட்டிப் பல கெடுக்கள். எந்தக் கல்லூரி என்று பெரும்பாலானவர்கள் மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். மே முதல் இரண்டு வாரங்கள் ஏபி தேர்வுகள். இவற்றைச் சிவப்பில் எழுதிவிட்டால், அக்டோபர் கடைசியும் டிசம்பர் கடைசியும் மே தொடக்கமும் ப்ராஜெக்டுக்கு இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, மேடை விளக்க நாளிலிருந்து பின்னால் நடக்க வேண்டும். மகளுடைய ப்ராஜெக்டுக்கு இதை அப்போதே செய்திருந்தால் இப்படி வந்திருக்கும்: மே 20 விளக்கம். எங்கள் பகுதியில் உறைபனி அபாயம் ஏறக்குறைய மே முதல் பாதி வரை இருப்பதால், நாற்று நடுவது மே நடுவில்தான். நடும் அளவுக்கு நாற்று வளர ஆறு முதல் எட்டு வாரம் தேவை. ஆகவே விதை கோப்பைக்குள் போக வேண்டியது மார்ச் நடுவில். அதற்கு முன் ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் அறுபது நாள். ஆகவே ஜனவரி நடுவில். விதை கையில் இருக்க வேண்டியது டிசம்பரில். பள்ளி வளாகத்தில் இடம் கிடைத்த பிறகுதான் எவ்வளவு விதை என்று தெரியும். ஆகவே அனுமதி நவம்பரில். அனுமதிக்கு ஒரு மாதம் ஆகும் என்றால், விண்ணப்பம் அக்டோபர் முதல் வாரம். மே மாத வேலைக்கான முதல் கடிதம் அக்டோபரில்!

எந்தத் தலைப்பானாலும் இதே கணக்குதான். முதியவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத்தாக்க நான்கைந்து மணி நேரமாவது ஆகும். ஆறு பேட்டி என்றால் எழுத்தாக்கம் மட்டும் முப்பது மணி நேரம். செயலி உருவாக்குகிறவர்கள் அதைப் பிறர் பயன்படுத்திப் பார்க்க நாள் ஒதுக்குவதே இல்லை.

பின்னோக்கிப் போட்ட திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'இது யார் கையில் இருக்கிறது?' என்று எழுதச் சொல்லுங்கள். 'என் கையில்' என்பவை ஒரு வாரம் தள்ளிப்போகலாம். பிறர் கையில், வானிலையின் கையில் இருப்பவைதான் முதலில் தொடங்கப்பட வேண்டும்.

5. அனுமதிகள்

யாரும் சொல்லித் தராத பகுதி இது. பள்ளி முதல்வர் சிரித்துக்கொண்டே சரி என்பார். ஆனால் தண்ணீர்க் குழாயின் சாவி வளாகப் பராமரிப்பாளரிடம் இருக்கும். அவரிடம் முதல் வாரமே பேச வேண்டும், அதுவும் பிள்ளை நேரில் போய். எங்கே புல்வெட்டும் வண்டி திரும்பும், எந்த மூலையில் மழைநீர் தேங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

தரையைத் தோண்டுவதாக இருந்தால், சின்னக் கம்பம் நடுவதானாலும், சில வேலை நாட்களுக்கு முன்பே 811 எண்ணை அழைக்க வேண்டும். எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று வந்து வண்ணத்தால் குறித்துவிட்டுப் போவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பள்ளி வளாகம் என்றால் இதைப் பள்ளிதான் செய்ய வேண்டும். நினைவூட்டுவது பிள்ளையின் வேலை.

மண்ணும் ஒரு கணக்கு. நான்கடிக்கு எட்டடி, ஓரடி ஆழம் என்றால் 32 கன அடி, அதாவது ஒரு கன கெஜத்துக்குச் சற்று மேல். ஒரு கன அடி மூட்டைகளாக வாங்கினால் 32 மூட்டை. நம் மினிவேனின் பின்பக்கம் தரையைத் தொடும். லாரியில் கொட்டச் சொன்னால் வாயிற்கதவு திறந்திருக்க வேண்டும், மறுபடி பராமரிப்பாளர்.

மில்க்வீட்டின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் யாரோ கண்டுபிடித்துச் செடிகளைப் பிடுங்கச் சொல்வதைவிட, முன்னால் சொல்லி ஓர் அறிவிப்புப் பலகை வைப்பது எளிது.

சக மாணவர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்துவதாக இருந்தால் வேறு வகை எச்சரிக்கை தேவை. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம், குறிப்பாக மனநலம் போன்றவற்றைக் கேட்பதற்கு முன், பள்ளியின் ஒப்புதலும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். அறிவியல் கண்காட்சிக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால், மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வை முன்கூட்டியே ஒரு நெறிக்குழு பார்த்து ஒப்ப வேண்டும். தரவைத் திரட்டிய பிறகு ஒப்புதல் கேட்டால் அந்தத் தரவு செல்லாது.

6. குறிப்பேடும் கட்டுரையும்

அன்றன்று எழுத வேண்டும். தேதி, எத்தனை மணி நேரம், என்ன செய்தேன், என்ன தவறியது. ஏப்ரல் கடைசியில் உட்கார்ந்து எட்டு மாதத்தையும் ஒரே பேனாவால் எழுதியிருப்பது நடுவருக்கு ஒரு பார்வையிலேயே தெரியும். மழை பெய்த சனிக்கிழமை வெளியே மூன்று மணி நேரம் வேலை செய்ததாக எழுதியிருந்த ஒரு கோப்பைப் பார்த்திருக்கிறேன், கேட்கவில்லை, குறித்துக்கொண்டேன். புகைப்படம் எடுக்கும்போது முன், நடு, பின் மூன்றும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவையாக இருக்கட்டும். கோப்பு முக்கால்வாசி தானாக நிறைந்துவிடும்.

கட்டுரையைக் களப்பணி முடிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். பின்னணிப் பகுதியைக் குளிர்காலத்தில், கல்லூரி விண்ணப்பங்கள் போன பிறகு, ஜனவரியில் எழுதிவிடலாம். வெளியே பனி, வேறு வேலையும் இல்லை. படிக்கும்போது விதையின் குளிர்த் தேவை போன்ற செய்திகள் கண்ணில் படும், செயல்படவும் நேரம் இருக்கும். மகள் கட்டுரையை ஏப்ரலில் எழுதினாள். விதைக்குக் குளிர் வேண்டும் என்று அவள் படித்தது அப்போதுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிப் பள்ளியின் விதி என்ன என்று பார்த்து, அதற்குள் நில்லுங்கள். கட்டுரையைத் தொடக்கத்திலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதினால், எந்த நாளில் எந்த வரி வந்தது என்ற வரலாறு தானாகச் சேரும். சந்தேகம் எழுந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

7. பெற்றோரே, கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

வண்டி ஓட்டுங்கள், சோறு போடுங்கள், கெடுவை நினைவூட்டுங்கள். அதோடு போதும். தச்சரை வைத்துச் செய்த பாத்திச் சட்டம் பளபளவென்று இருக்கும். ஆனால் 'இந்த மூலையை எப்படி இணைத்தாய்?' என்று நடுவர் கேட்டால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். கோணலான பலகையும் இரண்டு தவறான ஆணித் துளையும் அந்தக் கேள்விக்குத் தாமே பதில் சொல்லிவிடும்.

செலவும் அப்படித்தான். சில பள்ளிகள் கணக்குக் கேட்கும். செடியை நன்கொடையாகக் கேட்டு வாங்கியது, பழைய பலகையைத் தேடி எடுத்தது எல்லாம் மதிப்பெண் தரும் கதைகள்.

மில்க்வீட் முளைக்காதபோது நான் செய்த முதல் காரியம், இரவோடு இரவாக நாற்றுகளை இணையத்தில் வாங்கி விஷயத்தை மூடப் பார்த்ததுதான். மகள் தடுத்தாள். வழிகாட்டியிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் தன்னிடமிருந்து பத்து நாற்றுகளைக் கொடுத்து, 'நாற்றுகள் எங்கிருந்து வந்தன, விதை ஏன் முளைக்கவில்லை என்று இரண்டையும் எழுது' என்றார்.

8. நடுவர் முன்

பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர், வெளியாட்கள் ஓரிருவர். எட்டு முதல் பதினைந்து நிமிடம் வரை பேச்சு, பிறகு கேள்வி. கையேட்டில் உள்ள நிமிடத்தை மதியுங்கள். மணி அடித்த பிறகு பேசுவது யார் காதிலும் விழாது.

பேச்சை மனப்பாடம் செய்யும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு, பேச்சுப் போட்டி மேடைகளின் பரிசு. ஒரு சொல் தவறினால் முழுக் கட்டடமும் சரியும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரே ஒரு செய்தியை மனத்தில் வைத்து, அதைத் தன் சொற்களில் மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். ஒரு முறை தாத்தா பாட்டியிடம் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்குப் புரியாத இடத்தை ஆங்கிலத்தில் மழுப்பிவிடலாம். தமிழில் தடுமாறும் இடம், பாதி நேரம், உண்மையிலேயே புரியாத இடமாக இருக்கும்.

ஸ்லைடுகள் இணையத்தில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு பிரதி பென் டிரைவில், இன்னொன்று காகிதத்தில். காணொளி இருந்தால் அந்த அறையின் கணினியிலேயே முதல் நாள் ஓட்டிப் பாருங்கள்.

கேட்கப்படும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. ஏன் இந்தத் தலைப்பு, எது கடினமாக இருந்தது, மறுபடி செய்தால் எதை மாற்றுவாய், இது யாருக்குப் பயன்பட்டது. மூன்றாவது கேள்விக்கு 'எதையும் மாற்ற மாட்டேன்' என்று பதில் சொன்ன பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. மகளிடம் கேள்வி நேரத்தில் பாதிக்கு மேல் அந்த ஐம்பத்தைந்து வெற்றுக் கோப்பைகளைப் பற்றித்தான் கேட்டார்கள்.

9. பட்டமளிப்புக்குப் பிறகு

அந்த வாரத்துக்குள் வழிகாட்டிக்கும் பராமரிப்பாளருக்கும் கையால் எழுதிய நன்றி அட்டை போக வேண்டும். முதல்வருக்கு மறந்தாலும் பராமரிப்பாளருக்கு மறக்கக் கூடாது.

இன்னொரு வேலையும் உண்டு. பள்ளி ஜூன் மாதம் மூடிவிடும். ஜூலை வெயிலில் புது நாற்றுக்குத் தண்ணீர் வேண்டும். நட்டவள் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள். இதையும் அக்டோபர் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் பெயர், வாரத்தில் எந்த நாள் யார், குழாய்ச் சாவி யாரிடம். எங்கள் வீட்டில் அப்படி எழுதி வைக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் வாரம் மூன்று நாள், மாலை ஏழு மணிக்கு, நீளமான குழாயோடு பள்ளியின் பின்புறம் நின்றது நான்.